அலி மென்தாரியின் கடையும் 407-ஆம் ஃபிளாட்டும்

1

எங்கள் வீட்டுக் கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்தபோது எனக்குக் கோபம் வருவதற்கு முன்னால் ஒரு மரியாதை வந்தது. அவ்வளவு நல்ல இங்கிலீஷ். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "வெள்ளிக்கிழமைதோறும் 407-ஆம் ஃபிளாட்டிலிருந்து விடாப்பிடியான ஒரு கடல்சார் நெடி கிளம்பி, சக குடியிருப்பாளரின் அன்றாட வாழ்வைக் குலைக்கிறது." பதினாறு வருடமாக இந்த ஊரில் நர்ஸ் வேலை பார்க்கிறேன். எத்தனையோ டாக்டர்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். கருவாட்டைப் பற்றி இத்தனை கண்ணியமாக யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

நாங்கள் இருப்பது துபாயில், அல் கூஸ் பக்கம். ஒரு புறம் குடோன்கள், டயர் கடைகள், மர ஒர்க்‌ஷாப்கள். மறுபுறம் எங்களைப் போன்றவர்கள் குடியிருக்கும் ஆறு மாடிக் கட்டிடங்கள். வீட்டில் நானும் பத்தாவது படிக்கும் என் மகள் ரெனியும்தான். ரெனி அப்பாவுக்கு ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் கம்பெனியில் வேலை. வாரம் முழுக்க கம்பெனி ரூம். வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வீட்டுக்கு வருவார். வந்ததும் மனிதர் கேட்பது ஒன்றே ஒன்று. குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும், சூடான சோற்றுக்குப் பக்கத்தில் மொறுமொறுவென்று நெத்திலிக் கருவாடு இருக்க வேண்டும்.

கருவாடு எங்கள் மணப்பாட்டிலிருந்து வரும். என் கொழுந்தனார் யார் பிளேன் ஏறினாலும் அவர்கள் பெட்டியில் ஒரு பொட்டலத்தைத் திணித்துவிடுவார். ஏழு பாலிதீன் கவர், அதற்கு மேல் ஒரு டவல், அதற்கு மேல் செல்லோடேப். பொட்டலம் வரும்போது மம்மி மாதிரி இருக்கும். ஆனாலும் கொண்டுவந்தவர்கள் இரண்டாம் முறை எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

நோட்டீஸைக் கொண்டுவந்து ஒட்டியவர் சம்சு காக்கா. எங்கள் கட்டிடத்தின் சூப்பர்வைசர், காயல்பட்டினத்துக்காரர். அவர் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் பஸ்ஸில் ஒரு தூக்கம் போடும் தூரம்தான்.

"நான் என்ன செய்ய, சிஸ்டர்? ஆபீஸ்ல குடுத்தாங்க, ஒட்டிட்டேன்" என்றார். பிறகு மூக்கை லேசாகத் தூக்கி, "நெத்திலிதானே? பெரிய நெத்திலியா, பொடி நெத்திலியா?" என்று கேட்டார்.

"எழுதிக் குடுத்தது யாரு, காக்கா?"

"அதைச் சொல்ல மாட்டாங்க. மொபைல் ஆப்புல வருது. ரகசியம்."

இரண்டாவது நோட்டீஸ் அடுத்த மாதமே வந்தது. அதில் ஒரு வரி கூடுதல். மூன்றாவது முறை புகார் வந்தால் மே மாதம் வீட்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட மாட்டாது. ரெனிக்குப் பள்ளிக்கூட பஸ், எனக்கு கிளினிக் வேன், எல்லாம் இந்தக் கட்டிடத்து வாசலில்தான் வந்து நிற்கும். இதை விட்டால் எங்கே போவது?

அன்றிலிருந்து லிஃப்ட்டில் ஏறுகிற ஒவ்வொருவரையும் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினேன். மூன்றாவது மாடியில் பூனை வளர்க்கும் ஒரு அம்மாள், நான் லிஃப்ட்டுக்குள் வந்தாலே துப்பட்டாவை மூக்குக்குக் கொண்டுபோவாள். அவள்தான் என்று முடிவு செய்துவிட்டேன். பூனை வைத்திருப்பவளுக்கு மீன் வாசம் பிடிக்கவில்லை என்றால் அந்தப் பூனையின் கதி என்ன என்று ரெனி அப்பாவிடம் கேட்டேன். "அந்தப் பூனைதான் எழுதிப் போட்டிருக்கும்" என்றார், நெத்திலியைக் கடித்துக்கொண்டே.

வெள்ளிக்கிழமை என்றால் ரெனி தன் அறைக்குள் போய், கதவுக்கு அடியில் ஈரத் துண்டைச் சுருட்டி வைத்துவிடுவாள்.

2

எங்கள் கட்டிடத்தின் தரைத்தளத்தில் ஒரு சலூன் இருந்தது. அதை மூடிவிட்டுக் கண்ணாடியில் பேப்பர் ஒட்டினார்கள். இரண்டு மாதம் உள்ளே தட்டும் சத்தம், இழைக்கும் சத்தம். ஒரு நாள் பச்சை, வெள்ளை, சிவப்பில் போர்டு ஏறியது. சம்சு காக்கா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு எல்லோருக்கும் செய்தி சொன்னார்.

"யாரோ அலி மென்தாரியாம், சிஸ்டர். பேரைப் பார்த்தா லெபனான்காரர் மாதிரி தெரியுது. பலசரக்குக் கடை வைக்கிறாராம்."

ஒரு வாரம் கட்டிடம் முழுக்க அலியின் கடை என்றே பேச்சு. அலிமென்தாரி என்றாலே இத்தாலியில் பலசரக்குக் கடைதான் என்பது பின்னால்தான் தெரிந்தது. காக்கா பாதியைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

கடை திறந்த அன்று மதியம் டியூட்டி முடிந்து வந்தேன். என் மூக்கு ஆஸ்பத்திரி மூக்கு. ஸ்பிரிட், டெட்டால், இன்னும் சொல்லக் கூடாத என்னென்னவோ பழகி மரத்துப் போனது. அதுவே லாபியில் நுழைந்ததும் திடுக்கென்று விழித்துக்கொண்டது. உப்பு, மீன், கொஞ்சம் எண்ணெய். லிஃப்ட் பட்டனை அமுக்கப் போன கையை இறக்கிக்கொண்டு வாசனை வந்த பக்கம் நடந்தேன்.

உள்ளே கூரையிலிருந்து பாலாடைக்கட்டிகள் சுரைக்காய் மாதிரி கயிற்றில் தொங்கின. கண்ணாடி அலமாரியில் ஆலிவ் காய் ஐந்தாறு நிறத்தில் இருந்தது. கல்லாவுக்குப் பின்னால் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரர், தொப்பைக்கு மேல் ஏப்ரன் கட்டிக்கொண்டு, பெயின்ட் டப்பா அளவு ஒரு தகர டின்னைத் திறந்துகொண்டிருந்தார். மூடி விலகியது. கல்லுப்புக்கு நடுவே, தலையில்லாமல், வட்டமாக, அடுக்கடுக்காக...

"நெத்திலி!" என்று கத்திவிட்டேன். தமிழில்தான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நோ, நோ, மேடம். அச்சூகே. சிசிலி. மிகவும் விசேஷமானது."

"எங்கள் ஊரிலும் விசேஷமானதுதான். நாங்கள் வெயிலில் காயப்போடுவோம்" என்றேன், இருவருக்கும் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில்.

அவர் என்னை நம்பவில்லை. கடைக்கு வரும் எத்தனையோ பேர் எதையாவது பார்த்துவிட்டு இது எங்கள் ஊரிலும் உண்டு என்று சொல்லியிருப்பார்கள் போல. ஒரு மீனை எடுத்து உப்பைத் தட்டி என் உள்ளங்கையில் வைத்தார். பரீட்சை. நான் கட்டைவிரல் நகத்தை வயிற்றில் கொடுத்து, இரண்டாகப் பிளந்து, வாலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். முள்ளு முழுசாகக் கையோடு வந்தது. சதை கிழியவில்லை. இதை நான் செய்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. விரலுக்கு அது தெரியவில்லை.

மனிதர் முள்ளைப் பார்த்தார், என் நகத்தைப் பார்த்தார். தன் அம்மா சிசிலியில் ஒரு கடற்கரை ஊரில் மீனுக்கு உப்புப் போடும் கொட்டகையில் வேலை பார்த்ததாகச் சொன்னார். அவளுக்குக்கூட சில சமயம் முள் பாதியில் முறியுமாம். பிறகு கையை நீட்டினார். பெயர் ஜுசெப்பே.

"ஜோசப்பா?"

"யெஸ், ஜோசப். இயேசுவின் அப்பா. தச்சர்."

"எங்கள் ஊரில் அவருக்குச் சூசை என்று பெயர். என் அப்பா பெயரும் சூசைதான்."

"சூ... சை" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிடித்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் கட்டிடத்துத் தமிழ் ஜனம் முழுவதற்கும் அவர் சூசையண்ணன். கடையில் அலி என்று ஒருவரும் இல்லை என்பதில் சம்சு காக்காவுக்கு மட்டும் கொஞ்ச நாள் வருத்தம் இருந்தது.

3

மறுநாளே ஒரு கிண்ணத்தில் எங்கள் வீட்டுக் கருவாட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, "சீ! சீ! சீ!" என்றார்.

என் முகம் சுருங்கிவிட்டது. ஏழு கவர் சுற்றி வந்த பொருள். கிண்ணத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். அவர் பதறிப்போய்க் கல்லாவைச் சுற்றி ஓடி வந்தார். இத்தாலியில் 'சீ' என்றால் 'ஆமாம்' என்று புரிய வைப்பதற்குள் இருவருக்கும் வியர்த்துவிட்டது. அவருடைய அவதி அதைவிடப் பெரிது. அரபியில் இங்கிலீஷ் 'P' கிடையாது, 'B'தான் உண்டு. அரபி வாடிக்கையாளர்கள் வந்து பாஸ்தா கேட்டால் அது அவர் காதில் 'B'யில் தொடங்கும் 'பஸ்தா'வாக விழும். இத்தாலியில் அதற்கு 'போதும்' என்று அர்த்தமாம். கடை திறந்த முதல் வாரம், கந்தூரா என்ற நீள வெள்ளை அங்கி போட்ட ஒரு பெரியவர் வந்து நின்று "பஸ்தா, பஸ்தா" என்கிறார். நான் இன்னும் ஒன்றுமே கொடுக்கவில்லையே, எதைப் போதும் என்கிறார் என்று இவர் முழிக்கிறார்.

எனக்கு அந்தக் கடையால் கிடைத்த பெரிய லாபம் வேறு. அதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் தைரியமாகக் கடாயை வைத்தேன். பாதி பொரித்திருப்பேன், காலிங் பெல் அடித்தது. சம்சு காக்கா.

"என்ன சிஸ்டர், மறுபடியுமா? ரெண்டு நோட்டீஸ் ஆயாச்சு."

"எங்க வீட்டுல இருந்து இல்ல, காக்கா. கீழ போய் மோந்து பாருங்க. இத்தாலி வாசம். லிஃப்ட் வழியா ஏறி வருது."

காக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். என் கையில் ஜல்லிக் கரண்டி. நைட்டியில் எண்ணெய்த் தெறிப்பு. உள்ளே சடசடவென்று சத்தம்.

"ஆமா சிஸ்டர்" என்றார் முகத்தை இறுக்கிக்கொண்டு. "இத்தாலிதான். ரெண்டு குடுங்க, ஆபீஸ்ல காட்டணும்."

நாலு கொடுத்தேன். ஆபீஸுக்கு எத்தனை போனது என்று தெரியாது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. யார் கேட்டாலும் காக்கா கீழ்த்தளத்தைக் கை காட்டினார். ஒரு நாள் லிஃப்ட்டில் அந்தப் பூனைக்கார அம்மாள் நின்றாள். நான் ஏறினேன். அன்று என் பையில் பொரித்த கருவாடு, கிளினிக்கில் ஒரு தோழிக்காக. துப்பட்டா மேலே போகவில்லை. அவள் கண்ணை மூடி நன்றாக இழுத்து மூச்சு விட்டு, "அந்த இத்தாலியன் கடை வந்த பிறகு நம் கட்டிடத்துக்கே ஒரு களை வந்துவிட்டது" என்றாள். அதே லிஃப்ட். அதே மூக்கு.

ரெனியும் கடைக்குப் போகத் தொடங்கினாள். தொங்கும் பாலாடைக்கட்டிக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பினாள். "அம்மா, இட்ஸ் சோ ஆதென்டிக்" என்றாள். வெள்ளிக்கிழமை கதவுக்கு அடியில் வைக்கும் ஈரத் துண்டை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

4

நோன்பு மாதமும் எங்கள் தவக்காலமும் சேர்ந்து வந்த நாட்கள். ஒரு நாள் சம்சு காக்கா பெல் அடித்து, வாசலிலேயே நின்று, ஒரு பாரத்தை நீட்டினார். வழக்கமான சிரிப்பு இல்லை.

"மூணாவது புகார் வந்திருக்கு, சிஸ்டர். ஆபீஸ்ல புதுசா ஒரு மேனேஜர். நோட்டீஸ் வேண்டாம், ரெண்டு பார்ட்டியையும் பேசவச்சு, சமாதானம்னா இதுல கையெழுத்து வாங்கிட்டு வா, ஃபைலை மூடிருவோம்னு சொல்றாரு. நல்ல மனுஷன். ஆனா இந்த வாரத்துக்குள்ள குடுக்கணும்."

"யாரு அந்த இன்னொரு பார்ட்டி? மூணாவது மாடிதானே? வாங்க, இப்பவே போவோம்."

காக்கா நகரவில்லை. "நீங்க எங்கயும் போக வேண்டாம்" என்றார்.

பாரத்தைப் பார்த்தேன். புகார் கூறப்பட்டவர்: 407. கையெழுத்து. புகார் கூறியவர்: 407. கையெழுத்து.

"ஆபீஸ்ல தப்பா அடிச்சிருக்காங்க, காக்கா."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். மூணு புகாரும் பார்த்துட்டேன். மூணும் உங்க ஃபிளாட்டு ஐடியில இருந்துதான் போயிருக்கு." கிளம்பத் திரும்பியவர் நின்றார். "புள்ளைய அடிச்சிராதிய, சிஸ்டர். எங்க வீட்டுலயும் வளர்ந்த புள்ளைய இருக்கு."

வீட்டு வாடகை ஆப் ரெனியின் டேப்லெட்டில்தான் இருக்கிறது. பைப் ஒழுகினாலும், ஏசி சத்தம் போட்டாலும் அவள்தான் அதில் எழுதிப் போடுவாள். எனக்கு அந்தப் பாஸ்வேர்டுகூடத் தெரியாது.

விடாப்பிடியான கடல்சார் நெடி. நான் மதித்த அந்த இங்கிலீஷ், எங்கள் வீட்டுப் பணத்தில் படித்த இங்கிலீஷ்.

கதவைச் சாத்திவிட்டு சோபாவில் உட்கார்ந்தேன். ரெனி டியூஷனுக்குப் போயிருந்தாள். வரட்டும், இன்றைக்கு இருக்கிறது என்று ஒரு கை பார்க்கத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் உட்கார உட்கார வேறு ஒன்று ஞாபகம் வந்து தொலைத்தது.

மதுரையில் நர்சிங் படித்தபோது ஹாஸ்டலுக்கு அம்மா மாதம் ஒரு பாட்டில் பொரித்த நெத்திலி அனுப்புவாள். முதல் மாதம் ஆசையாகத் திறந்தேன். ரூமில் இருந்த மூன்று பெண்களும் மூக்கைப் பிடித்துக்கொண்டு வராண்டாவுக்கு ஓடினார்கள். மறுநாளிலிருந்து என் பெயர் ஸ்டெல்லா இல்லை, நெத்திலி. இரண்டாவது பாட்டில் வந்தபோது அதைத் திறக்கவே இல்லை. மெஸ்ஸுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டினேன். கொட்டிவிட்டு அம்மாவுக்கு, "ரூம்ல எல்லாரும் போட்டி போட்டுத் தின்னுட்டாங்க, எனக்கே மிச்சமில்லை" என்று எழுதினேன். அம்மா சந்தோஷப்பட்டு அடுத்த மாதம் இரண்டு மடங்கு பெரிய பாட்டில் அனுப்பினாள். மூன்று வருடம். பொய் சொல்லச் சொல்லப் பாட்டில் பெரிதானது. கடைசி வருடம் வந்தது ஹார்லிக்ஸ் பாட்டில்கூட இல்லை, ஊறுகாய் ஜாடி.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கட்டிய கணவரிடமும் சொன்னதில்லை.

ரெனி வந்தாள். செருப்பைக் கழற்றினாள். "என்னம்மா, ஏன் அப்படிப் பாக்குற?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. கை கழுவிட்டு வா. தோசை இருக்கு" என்றேன்.

அடிக்கவில்லை. ஆனால் சும்மா விடவும் மனம் இல்லை.

5

வழி சூசையண்ணன் மூலமாக வந்தது.

சூசையப்பர் திருநாளைச் சிசிலியில் பெரிதாகக் கொண்டாடுவார்களாம். மேசை போட்டு, ரொட்டியும் பழமும் மீனும் பரப்பி, தெருவில் போகிற வருகிற எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு. தவக்காலம் என்பதால் கறி கிடையாது. முக்கியமான பதார்த்தம், நெத்திலியும் வறுத்த ரொட்டித்தூளும் போட்ட ஸ்பகெட்டி. சூசையப்பர் தச்சர் அல்லவா, ரொட்டித்தூள்தான் அவர் பட்டறையில் கிடக்கும் மரத்தூள். அன்று கடையை மூடிவிட்டு, சாயங்காலம் நோன்பு திறக்கும் நேரத்துக்கு மேசை போட்டுக் கட்டிடத்தில் எல்லோரையும் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். சம்சு காக்கா பேரீச்சம்பழமும் கஞ்சியும் தன் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டிருந்தார்.

திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் கடைக்குப் போனேன். மனிதர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நெத்திலி டின்கள் வந்த கன்டெய்னர் துறைமுகத்தில் நிற்கிறது. டின் மேல் அரபியில் ஒட்ட வேண்டிய ஸ்டிக்கரில் தேதியைத் தலைகீழாக அச்சடித்துவிட்டார்கள், அனுப்பிய ஆட்கள். திருத்தி ஒட்டி வெளியே வர பத்து நாள் ஆகுமாம்.

"மரத்தூள் இருக்கிறது. மீன் இல்லை" என்றார். "ஊரில் என் அம்மா இருந்தால் என்னைக் கடலில் தள்ளியிருப்பாள்."

"எங்கள் வீட்டில் இருக்கிறது" என்றேன்.

அவர் நிமிர்ந்தார்.

"மூன்று கிலோ. வெயிலில் காய்ந்தது. வெந்நீரில் ஊறவைத்தால் உங்கள் டின் மீன் மாதிரி ஆகிவிடும். ஆனால் ஒரு நிபந்தனை. இது எந்த ஊர் மீன் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. முக்கியமாக என் மகளிடம்."

ஏன் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், ஆப், நோட்டீஸ், பாரம். அவர் தொப்பை குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சீ" என்றார். இந்த முறை எனக்குப் புரிந்தது.

6

ரெனி பள்ளிக்கூடத்தில் இருந்த நேரமாகப் பார்த்து, பொட்டலத்தைக் கீழே கடத்தினேன். சூசையண்ணனும் நானும் பின்கட்டுச் சமையலறையில் நின்று மூன்று கிலோ நெத்திலியையும் தலை கிள்ளி, ஊறவைத்து, அலசி, முள் உருவினோம். அவர் ஒரு மீன் முடிப்பதற்குள் நான் மூன்று முடித்தேன். அவர் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தார். பிறகு ஆலிவ் எண்ணெய், பூண்டு, மிளகாய் வற்றல். மிளகாயை அவர் இரண்டு போட்டார். அவர் திரும்பியபோது நான் இன்னும் நாலு போட்டேன்.

சாயங்காலம் கடை வாசலில் நீள மேசை. பாங்கு சொன்னதும் காக்காவும் மற்றவர்களும் பேரீச்சம்பழம் கடித்து, தண்ணீர் குடித்து, தொழுதுவிட்டு வந்தார்கள். அடுத்து ஸ்பகெட்டி வந்தது. ரெனி அப்பா அன்று லீவு போட்டு வந்திருந்தார். முதல் வாய் வைத்ததும் அவர் கண் விரிந்தது.

"ஏ ஸ்டெல்லா, இது நம்ம..."

காலை ஓங்கி மிதித்தேன்.

"...நம்ம கட்டிடத்துக்கே பெருமை" என்று முடித்தார் பாவம், வலியைக் கடித்துக்கொண்டு.

பூனைக்கார அம்மாள் ஒரு பொட்டலம் கட்டித் தரக் கேட்டாள். பூனைக்காம்.

ரெனி எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். நான் சாப்பிடவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் போட்டோ எடுத்தாள். பிறகு முள்கரண்டியில் சுற்றி ஒரு வாய். நிறுத்தினாள். இன்னொரு வாய். தட்டு காலியானது. இரண்டாவது தட்டு வாங்கினாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன். என் குரலில் இருந்த சர்க்கரை எனக்கே திகட்டியது.

"அமேசிங், அம்மா. நீ ஏன் இந்த மாதிரி எதுவுமே செய்ய மாட்டேங்குற?"

இதற்காகத்தானே காத்திருந்தேன். வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவள் நாக்கின் நுனியில் விரலை வைத்து எதையோ எடுத்து, வெளிச்சத்தில் பார்த்து, என் தட்டின் ஓரத்தில் வைத்தாள். கடுகில் பாதிகூட இருக்காது. மணல்.

"சித்தப்பா அனுப்புறதுல எப்பவும் இது இருக்கும்" என்றாள். சத்தமில்லாமல், தமிழில். "டின்ல வர்ற மீன்ல மணல் இருக்காதும்மா. ஃபர்ஸ்ட் பைட்லயே தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் ரெண்டு தட்டு தின்னியா?"

"நல்லா இருந்துச்சு. தின்னேன்."

நான் கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த பாரத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். படித்தாள். காது இரண்டும் சிவந்துவிட்டது.

7

லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் மாடிப்படியில் போய் உட்கார்ந்தோம். வெளியே காக்காவும் ரெனி அப்பாவும் சிரிக்கிற சத்தம் கேட்டது.

பஸ்ஸில் நடப்பதை அவள் அப்போதுதான் சொன்னாள். யூனிஃபார்ம் காய்வது ஹாலில். வெள்ளிக்கிழமைப் புகை அதில் ஏறி, திங்கட்கிழமை வரை இறங்காது. மாயா என்று ஒருத்தி, இவள் ஏறினதும் ஏசி காற்றை எல்லோருமாக இவள் பக்கம் திருப்பிவிடச் சொல்வாளாம். பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்களாம். ஒரு வருடம் முழுக்க.

"என்கிட்ட சொல்லிருக்கலாம்ல, ரெனி?"

"சொன்னா நீ அழுவ. அப்பா கருவாடே வேண்டாம்னு சொல்லிருவாரு. அப்புறம் வாராவாரம் அவரைப் பார்க்கும்போது எனக்கு ஒரு மாதிரி இருக்கும்." மூக்கை உறிஞ்சினாள். "ஆபீஸ் லெட்டர்னா நீங்க ரெண்டு பேரும் பயப்படுவீங்க. விசா, எமிரேட்ஸ் ஐடி, ஸ்கூல் ஃபார்ம், எந்தப் பேப்பர் வந்தாலும் பயப்படுவீங்க. அதான் பேப்பரா அனுப்பினேன். ரெண்டாவது நோட்டீஸை நான் படிக்கவே இல்ல, வீட்டையே காலி பண்ணச் சொல்வாங்கன்னு ப்ராமிஸா தெரியாதும்மா."

அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அது வலித்தது. அதனால் மதுரை ஹாஸ்டல் கதையைச் சொன்னேன். நெத்திலி என்ற பட்டப்பெயரில் சிரிக்கத் தொடங்கியவள், ஊறுகாய் ஜாடி வந்தபோது சுவரில் சாய்ந்துவிட்டாள். கண்ணீர் வரச் சிரித்தாள். எந்தக் கண்ணீர் எது என்று எனக்குத் தெரியவில்லை.

பாரத்தில் இரண்டு கையெழுத்தும் நானே போட்டேன். சம்சு காக்காவின் யோசனைப்படி ஒன்று தமிழில், ஒன்று இங்கிலீஷில். மேனேஜர் ஃபைலை மூடிவிட்டார். இரண்டு தரப்பும் இவ்வளவு சீக்கிரம் சமாதானமாகி அவர் பார்த்ததே இல்லையாம்.

யூனிஃபார்முக்கு ரெனியே ஒரு வழி கண்டுபிடித்தாள். வெள்ளிக்கிழமை மதியம் ஐந்து செட்டையும் ஹேங்கரோடு எடுத்துக்கொண்டு கீழே போய், சூசையண்ணன் கடையின் பின்கட்டில் தொங்கவிட்டாள். ஞாயிறு மாலை எடுத்து வந்தாள். நான் ஒரு சட்டையை முகர்ந்து பார்த்தேன். கர்த்தரே. இரண்டு வருடம் பழுத்த பாலாடைக்கட்டியோடு இரண்டு நாள் தொங்கியிருக்கிறது. எங்கள் கருவாடு அதற்கு முன்னால் மல்லிகைப்பூ. சொல்லலாமா என்று பார்த்தேன். சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் வந்தவள் பையைப் போட்டுவிட்டுச் சோபாவில் விழுந்தாள்.

"அம்மா, பஸ்ல எல்லாரும் மோந்து பார்த்தாங்க. மாயா எழுந்து வந்து, 'வாவ், இது என்ன ஸ்மெல், உங்க பில்டிங் கீழ இருக்கிற இத்தாலியன் டெலி ஷாப்பா'ன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"இல்ல, இது எங்கம்மா பொரிக்கிற கருவாடுன்னு சொல்லிட்டேன். அவளுக்கு வேணுமாம். வெள்ளிக்கிழமை வர்றா."

நான் தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். வெள்ளிக்கிழமை மாயா வந்தாள். உயரமான, பாப் வெட்டிய பெண். கடாயில் எண்ணெய் காய்ந்து, முதல் கைப்பிடி விழுந்த நேரம். கதவைத் திறந்ததும் அவள் கால் வாசலிலேயே நின்றுவிட்டது. கை தானாக மூக்குக்குப் போனது.

"இது... அந்த ஸ்மெல் இல்லையே" என்றாள்.

"அது டூப்ளிகேட். இதுதான் ஒரிஜினல். ஷூவை வெளிய கழட்டு" என்று ரெனி அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அன்று ஈரத் துண்டு போடவில்லை. அறைக் கதவையும் மூடவில்லை.

முதல் நெத்திலியை மாயா மருந்து மாதிரி விழுங்கினாள். இரண்டாவதை மென்றாள். எட்டாவதை எடுக்கும்போது ரெனி அப்பா தன் தட்டைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அதற்குள் அவளுடைய அம்மா போன் செய்துவிட்டார், கார் கீழே நிற்கிறதாம். எழுந்து கை கழுவி, ஷூ போடக் குனிந்தபோது மாயா தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தாள். தலைமுடியை இழுத்து அதையும் முகர்ந்தாள். முகம் மாறியது.

ரெனி லிஃப்ட் பட்டனை அமுக்கிக் கொடுத்துவிட்டு, வெகு அன்பாகச் சொன்னாள்:

"மண்டே பஸ்ல என் பக்கத்துல வந்து உக்காரு, மாயா. வேற யாரும் உன் பக்கத்துல உக்கார மாட்டாங்க."